தோட்டத்துக்கும் ஒரு தோம்பு வேண்டும்

யுத்தம் என்றவுடன் நம் மனக்கண் முன் வந்து நிற்பவை யாவை? தளபதிகளும் படைகளும், பீரங்கிகளும் போர்க்கப்பல்களும், கையெழுத்திட்ட உடன்படிக்கைகளுமே. பள்ளிக்கூடத்துச் சரித்திரப் புத்தகம் நமக்கு இவற்றையே சொல்லித் தந்திருக்கிறது. யுத்தம் மிதித்துச் சென்ற மண்ணில் குடியிருந்தவர் யார், அவர் எந்தக் குழாயடியில் தண்ணீர் பிடித்தார், எந்த மரத்தடியில் கூடிப் பேசினார், எந்த வழியாக லாரியில் ஏற்றிச் செல்லப்பட்டார் என்று கேட்கும் வழக்கம் சரித்திரம் எழுதுவோரிடம் அரிதாகவே உள்ளது. கேட்காத கேள்விக்கு விடை வருமா? வராது. ஆகவேதான் மலாயாத் தோட்டத் தமிழனின் யுத்த சரித்திரம் இன்றளவும் பாதி மௌனமாகவே கிடக்கிறது.

பந்திங்கிலிருந்து மோரிப் கடற்கரை சில கல் தொலைவே. 1945-ஆம் ஆண்டு செப்டம்பர் 9-ஆம் தேதி பிரிட்டிஷ் இந்தியப் படைகள் அங்கே கரையிறங்கின. ஜப்பான் அதற்கு முன்பே சரணடைந்துவிட்டதால் சண்டை எதுவும் நிகழவில்லை. படையினர் எதிரியோடு பொருதவில்லை. மோரிப் சேற்றோடுதான் பொருதினர். வண்டிகள் பல அச்சேற்றில் புதைந்து நின்றன. இந்நிகழ்ச்சியைக் குறிக்கும் நினைவுக்கல் ஒன்று அக்கடற்கரையில் உண்டு. இருக்கட்டும், நாம் அதைக் குறை கூறவில்லை. ஆனால் அக்கடற்கரைக்கு உள்நாட்டுப் பக்கத்தில், லங்காட் ஆற்றங்கரையிலும் கேரித் தீவிலும் கிள்ளான் வட்டாரத்திலும் இருந்த ரப்பர்த் தோட்டங்களிலிருந்து சயாம் காட்டுக்குக் கொண்டு போகப்பட்டுத் திரும்பாதவர் எத்தனை பேர்? அவர்கள் புறப்பட்ட பெரட்டுக்களம் எது? வழியனுப்பிய தாய்மார் நின்ற இடம் எது? கரையேறிய படைக்குக் கல் இருக்கிறது. கரையேறாத மக்களுக்கு என்ன இருக்கிறது என்பதே இங்கு நாம் எடுத்துக்கொண்ட கேள்வி.

கேட்கத் துணிந்த தோட்டங்கள்

யுத்தம் வருமுன் இவ்வட்டாரத்துத் தமிழர் வாய் பேசாப் பிராணிகளாக இருந்தனர் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். 1941-ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் எழுந்த வேலை நிறுத்தம் அதற்குச் சான்று. கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் ஆர். எச். நாதன் முன்னின்று வழிகாட்டினார். தொழிலாளர் கேட்டவை யாவை? கூலி உயர்வு, சீனத் தொழிலாளருக்குச் சமமான ஊதியம், பிள்ளைகளுக்குக் கல்வி, கள்ளுக்கடைகளை மூடுதல், பெண்களுக்கு இழைக்கப்படும் மானக்கேட்டை நிறுத்துதல், வெள்ளைத் துரையைக் கண்டதும் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்கவேண்டும் என்ற வழக்கத்தை ஒழித்தல். கடைசிக் கோரிக்கையைச் சற்று ஊன்றிப் படியுங்கள். அது காசு பற்றியதன்று, முதுகெலும்பு பற்றியது.

அக்கோரிக்கைகளுக்குக் கிடைத்த விடை என்ன? 1941 மே மாதத்தில் நாதன் கைதானார். பின்னர் நாடு கடத்தப்பட்டார். சிலாங்கூரில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. இந்தியத் தொழிலாளரை அடக்க இந்தியச் சிப்பாய்களே அனுப்பப்பட்டனர். தொழிலாளர் சிலர் சுட்டுக் கொல்லப்பட்டனர். பலர் சிறைப்பட்டனர், பலர் கப்பலேற்றப்பட்டனர். அந்த ரத்தம் உலர்ந்து ஏழு மாதம் ஆவதற்குள், 1941 டிசம்பர் 8-ஆம் தேதி, ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினர். 1942 ஜனவரி 11-இல் கோலாலம்பூர் வீழ்ந்தது. பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. சைக்கிளிலிருந்து இறங்கச் சொன்ன துரைமார் தாமே இறங்கி ஓடினர். தோட்டம் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. எஜமானன் மாறினான், அடிமைத்தளை மாறவில்லை.

சயாமுக்குப் போன பாதை

ரப்பருக்கு விலையில்லை, அரிசிக்கு வழியில்லை. மரவள்ளிக் கிழங்கே சோறாயிற்று, சாக்கே சேலையாயிற்று, வாழைமர நோட்டு காகிதமாயிற்று. இந்நிலையில்தான் சயாமில் வேலை இருக்கிறது என்ற செய்தி லயங்களுக்கு வந்தது. மூன்று மாத வேலை, நாளொன்றுக்கு ஒரு வெள்ளி கூலி என்று சொல்லப்பட்டது. பசித்தவன் நம்பினான், போனான். போனவன் திரும்பவில்லை என்று கண்டபின் யாரும் தாமாகப் போக முன்வரவில்லை. அதன்பின் பலவந்தம் தலையெடுத்தது. தோட்டத்துக்கு இத்தனை ஆள் என்று கணக்குக் கேட்கப்பட்டது. இலவசப் படக்காட்சி என்று கூட்டி, வாசலை அடைத்து, வந்தவர்களை வண்டியேற்றிய கதைகளைத் தப்பி வந்தோர் பலர் சொல்லியிருக்கின்றனர். சாமான் ஏற்றும் ரயில் பெட்டிகளில் ஆடுமாடுகளைப் போல் அடைக்கப்பட்டு அவர்கள் வடக்கே சென்றனர்.

சயாமின் பான் போங் பக்கத்திலிருந்து பர்மாவின் தான்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர் தூரம் மலையையும் காட்டையும் வெட்டி ரயில் பாதை போடப்பட்டது. 1942-இல் தொடங்கிய வேலை 1943 அக்டோபரில் முடிந்தது. இவ்வேலையில் ஈடுபடுத்தப்பட்ட யுத்தக் கைதிகள் 60,000-க்கு மேற்பட்டோர். அவர்களுள் மாண்டவர் 12,000-க்கு மேல். ஆசியத் தொழிலாளரோ அவர்களைப் போல் பன்மடங்கு. பர்மியர், தமிழர், மலாய்க்காரர், ஜாவானியர், சீனர் என்று எல்லா இனத்தாரும் அதில் இருந்தனர். அவர்களுள் மாண்டவர் 80,000 முதல் 1,00,000 வரை இருக்கலாம் என்று காமன்வெல்த் யுத்தக் கல்லறை ஆணையம் கணக்கிடுகிறது. மலாயாவிலிருந்து மட்டும் 70,000-க்கு மேற்பட்டோர் கொண்டு செல்லப்பட்டனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் தோட்டத் தமிழர். 1943-ஆம் ஆண்டின் மழைக்காலத்தில் காலரா முகாம்களைச் சூறையாடியது. கைதிகளிடையே மருத்துவர் இருந்தனர். படை ஒழுங்கு இருந்தது. இறந்தவன் பெயரை எழுதி வைக்க ஓர் அதிகாரி இருந்தான். தோட்டத்தானுக்கு இம்மூன்றும் இல்லை.

இன்று காஞ்சனபுரிக்குச் செல்வோர் யுத்தக் கல்லறைத் தோட்டத்தைக் காணலாம். அங்கே ஏறக்குறைய 7,000 கல்லறைகள் உள்ளன. கல்தோறும் பெயர், படைப்பிரிவு, இறந்த நாள் பொறிக்கப்பட்டிருக்கக் காண்கிறோம். அதே ஊரில் 1990-ஆம் ஆண்டு ஒரு கரும்புத் தோட்டத்தைத் தோண்டியபோது நூற்றுக்கணக்கானோரின் எலும்புகள் வெளிப்பட்டன. ஆசியத் தொழிலாளருடையவை என்று கருதப்படும் அவ்வெலும்புகளுக்குப் பெயரில்லை, ஊரில்லை. ஒரே பாதைக்குக் கீழே கிடக்கும் இருவகைப் பிணங்களுக்கும் இடையே இத்துணை பெரிய வேற்றுமை!

பென்சில் யார் கையில் இருந்தது?

இவ்வேற்றுமைக்குக் காரணங்கள் பல. அவற்றுள் ஒன்று கலை என்றால் வாசகர்கள் வியப்படையக்கூடும். ரொனால்ட் சியர்ல் என்ற ஆங்கிலேய ஓவியர் சிங்கப்பூரில் சிறைப்பட்டுச் சயாம் பாதைக்கு அனுப்பப்பட்டவர். கிடைத்த துண்டுக் காகிதங்களில் தாம் கண்டவற்றை ரகசியமாக வரைந்து, காலரா நோயாளிகளின் படுக்கைக்கடியில் ஒளித்து வைத்தார். ஜப்பானியக் காவலர் நோய்க்கு அஞ்சி அங்கே நெருங்கமாட்டார்கள் அல்லவா? ஜாக் சாக்கர் என்பவரும் அவ்வாறே வரைந்தார். சியர்லின் சித்திரங்கள் இன்று லண்டன் யுத்தக் காட்சிச்சாலையில் உள்ளன. அவற்றைக் கண்டவனுக்கு யுத்தக் கைதி ஒரு தொகையல்லன். விலா எலும்பு தெரியும் மனிதன்.

1957-இல் வெளிவந்த குவாய் ஆற்றுப் பாலப் படத்தை உலகமே பார்த்தது. அதற்கு மூலமான கதையை 1952-இல் எழுதிய பியேர் பூல் யார் தெரியுமா? யுத்தத்துக்கு முன் மலாயாவில் ரப்பர்த் தோட்டத்தில் பணியாற்றிய பிரெஞ்சுக்காரர். தமிழர் பால் வெட்டிய காட்டில் நடமாடியவர். ஆயினும் அந்தப் படம் பார்த்தவர் மனத்தில் தங்கியது வெள்ளைக் கைதியின் சீழ்க்கையொலியே ஒழியத் தோட்டத் தமிழனின் முகமன்று. இதற்காகப் பூலை ஏசுவதில் பயனில்லை. அவனவன் தன் வீட்டு இழவைத்தான் முதலில் அழுவான். நம் வீட்டு இழவை நாம் அழுதோமா என்பதே கேள்வி.

அழுதோம், ஆனால் மெல்ல அழுதோம். மௌனத்துக்கும் காரணங்கள் உண்டு. எழுத்தறியாமை ஒன்று. மற்றொன்று வெட்கம். ஆள் கணக்கை நிறைவேற்றப் பெயர்ப் பட்டியல் எழுதிய கை ஜப்பானியன் கை மட்டுமன்று. கிராணியின் கையும் கங்காணியின் கையும் அதில் இருந்தன. பட்டியலில் சேர்ந்தவன் குடும்பமும் பட்டியல் எழுதியவன் குடும்பமும் யுத்தத்துக்குப் பின் ஒரே தோட்டத்தில், ஒரே குழாயடியில் வாழவேண்டியிருந்தது. இன்னொன்று பெண்களின் துயரம். கணவன் இறந்தான் என்று எண்ணிப் பிள்ளைகளைக் காக்க வேறொருவன் துணையை நாடினாள் ஒருத்தி. யுத்தம் முடிந்து கணவன் எலும்புக்கூடாகத் திரும்பி வந்தான். இத்தகைய செய்திகள் தோட்டங்களில் ஒன்றிரண்டல்ல. அவளை ஊர் என்ன சொல்லியிருக்கும்? அவள் வாய் திறக்காததில் வியப்பென்ன? மௌனத்தை மறதி என்று கொள்ளுவது பெரும் பிழை.

யுத்தம் முடிந்தும் ஓய்வில்லை. 1948 முதல் 1960 வரை அவசரகாலம். 1950-இல் தொடங்கிய பிரிக்ஸ் திட்டத்தின்படி காட்டோரத்தில் குடியிருந்த ஏறக்குறைய 5 லட்சம் மக்கள், பெரும்பாலும் சீனர், புதுக்கிராமங்களுக்குப் பெயர்க்கப்பட்டனர். பந்திங்குக்கும் கிள்ளானுக்கும் இடையிலுள்ள ஜெஞ்சாரோம் அத்தகைய புதுக்கிராமமே. தோட்ட லயங்களும் முள்வேலிக்குள் அடைபட்டன. ஒரு தலைமுறைக்குள் மும்முறை ஊர் கலைக்கப்பட்டால், எந்த நினைவு எந்த மண்ணைப் பற்றி நிற்கும்?

யாழ்ப்பாணத்துத் தோம்பு

நிற்க. இதே கேள்வியை வேறொரு மண்ணில் எழுப்பி, அதற்கொரு வழியும் கண்ட தமிழ்க் கலைஞரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலை பயிற்றும் ஓவியர் தா. சனாதனன் 2011-இல் ஒரு நூலை வெளியிட்டார். முற்றுப்பெறாத தோம்பு என்னும் பொருள்படும் ஆங்கிலப் பெயர் கொண்டது அது. தோம்பு என்பது பறங்கியரும் ஒல்லாந்தரும் இலங்கையை ஆண்டபோது நிலத்தையும் உடைமையையும் எழுதி வைத்த அரசாங்கப் பதிவேடு. இன்னின்ன காணி இன்னாருக்கு உரியது என்று சொல்லும் ஏடு.

இலங்கையில் 1983 முதல் 2009 வரை நடந்த யுத்தத்தில் வடபுலத்து மக்கள் எத்தனை முறை ஊர்விட்டு ஓடினர் என்பதை நாம் அறிவோம். 1990-இல் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டனர். 1995-இல் யாழ்ப்பாண நகரமே பெயர்ந்து நடந்தது. இவ்வாறு வீடிழந்த தமிழரையும் முஸ்லிம்களையும் சனாதனன் அணுகினார். உங்களுக்கு என்ன நேர்ந்தது என்று கேட்டு அவர்களை அழவைக்கவில்லை. நீங்கள் விட்டு வந்த வீட்டை நினைவிலிருந்து வரைந்து காட்டுங்கள் என்று ஒரு தாளைக் கொடுத்தார். அவ்வளவுதான். ஓவியம் பழகாத கைகள் கோடு கிழித்தன. இது வாசல், இது கிணறு, இது மாமரம், இது அம்மா சமைத்த இடம் என்று வீடு தாளில் எழுந்தது. அப்படங்களுள் 80 தேர்ந்து, ஒவ்வொன்றையும் கட்டட வரைபடமாகத் திருத்தி வரைந்ததை ஒரு பக்கமும், தாம் தீட்டிய சித்திரத்தை ஒரு பக்கமும் சேர்த்து, அரசாங்கக் கோப்பைப் போலவே கட்டி வைத்தார்.

இதன் நுட்பத்தை எண்ணிப் பாருங்கள். அரசாங்கத் தோம்பில் நிலத்தின் அளவு இருக்கும். அதில் வாழ்ந்தவன் மனம் இராது. கிழவி வரைந்த படத்தில் அளவு பிழைபடலாம். கிணறு வீட்டைவிடப் பெரிதாகவும் இருக்கலாம். ஆனால் அந்தப் பிழையே ஒரு செய்தி. அவள் வாழ்க்கையில் கிணறு அத்துணை பெரிது! கலையால் செய்யப்படும் ஆராய்ச்சி என்பது இதுதான். அது கற்பனையன்று; கணக்கெடுப்புமன்று. கணக்கெடுப்பவன் கைவிட்டதைக் கையில் எடுப்பது.

லயத்தை எப்படி வரைவது?

யாழ்ப்பாணத்தான் இழந்தது தன் வீட்டை; அதற்கு உறுதி எழுதிய பத்திரமாவது எங்கோ இருந்திருக்கும். தோட்டத் தமிழன் இழந்ததோ அவனுக்கு என்றுமே சொந்தமாகாத லயத்தை. மூன்று தலைமுறை வாழ்ந்தும் ஒரு சாண் நிலம் அவன் பெயரில் இல்லை. வேலை போனால் வீடும் போகும். ஆகவே அவனுக்கு நினைவு ஒன்றே பட்டா. அந்தப் பட்டாவும் இப்போது அழிந்து வருகிறது. ரப்பர் மரங்கள் வீழ்ந்து செம்பனை எழுந்தது. செம்பனையும் வீழ்ந்து வீடமைப்புப் பகுதிகள் எழுகின்றன. பந்திங்கின் அயலிலுள்ள சிப்பாங்கில் 1998-இல் திறக்கப்பட்ட விமான நிலையம் செம்பனை விளைந்த நிலங்களின் மீதே விரிந்துள்ளது. 1943-இல் பதினெட்டு வயதானவர் உயிரோடிருந்தால் இன்று நூறு வயதை எட்டியிருப்பார். காலம் நமக்குக் கடன் கொடுக்காது.

என்ன செய்யலாம்? முதியோர் ஒருவரிடம் தாளும் பென்சிலும் கொடுத்து, நீங்கள் பிறந்த லயத்தை வரையுங்கள் என்று கேட்கலாம். பெரட்டுக்களம், ஆயாக் கொட்டகை, ரப்பர் ஸ்டோர், கள்ளுக்கடை, கோயில், பள்ளிக்கூடம், சுடுகாடு, கிராணி வீடு, குன்றின் மேல் துரை பங்களா ஆகியவை எங்கெங்கே இருந்தன? எந்தக் குழாயில் யார் தண்ணீர் பிடிக்கலாம், யார் பிடிக்கக் கூடாது என்று சாதி பார்த்தனரா? லாரி எங்கே வந்து நின்றது? பிறகு அப்படத்தைப் பழைய நில அளவைப் படத்தோடும் இன்றைய படத்தோடும் ஒப்பிட்டு, அவ்விடத்துக்கே சென்று நின்று பார்க்க வேண்டும். லயம் போயிருக்கும். ஆனால் ஒரு வேப்பமரம் நிற்கலாம். சிமெண்டுத் தொட்டியின் மூலை ஒன்று புல்லில் தெரியலாம். கோயிலிருந்த இடத்தில் ஒரு கல் கிடக்கலாம். முதியோர் மறைந்துவிட்ட குடும்பங்களில் பிள்ளைகளும் பேரர்களும் கேட்டறிந்ததை வரையலாம். கேள்விப்பட்டது என்று அதில் குறிப்பெழுதிவிட்டால் போதும்.

இதில் கவனிக்க வேண்டியன மூன்று. முதலாவது, சொல்பவர் விருப்பமின்றி எதையும் வெளியிடலாகாது. அவர் துயரம் நம் காட்சிப்பொருளன்று. இரண்டாவது, நினைவு பிசகும். ஆகவே ஒருவர் சொன்னதை மற்றவர் சொன்னதோடும் ஏட்டோடும் ஒப்பிட வேண்டும். மூன்றாவது, நம்மவர் துயரை மட்டும் வரைந்து நிறுத்திவிடலாகாது. சயாமில் மலாய்க்காரனும் ஜாவானியனும் செத்தான். இந்நாட்டில் ஜப்பானியன் கையால் சீனன் கூட்டங்கூட்டமாக மாண்டான். பக்கத்துக் கம்பத்தின் படமும் நம் லயத்தின் படமும் ஒரே தாளில் சேரும்போதுதான் அது ஊரின் படமாகும்.

இப்பணிக்கு நம்மிடையே அடித்தளம் இல்லாமலில்லை. ஆர். சண்முகம் எழுதிய ‘சயாம் மரண ரயில்’ நாவலும், அ. ரெங்கசாமி எழுதிய ‘நினைவுச் சின்னம்’, ‘லங்காட் நதிக்கரை’ ஆகிய நாவல்களும் ஏடறியாத துயரைக் கதையில் காத்தன. ரெங்கசாமி நம் லங்காட் ஆற்றையே நாவலின் பெயராக்கினார் என்பது இவ்வட்டாரத்தார் மறக்கக்கூடாத சிறப்பு. சீ. அருண் போன்ற ஆய்வாளர்கள் தப்பிவந்த முதியோரைத் தேடிச் சென்று அவர் சொற்களைப் பதிந்தனர். 2023-ஆம் ஆண்டு காஞ்சனபுரியில் தமிழர் முயற்சியால் நடுகல்லும் நாட்டப்பெற்றது. வீரனுக்குக் கல் தேடி, நீராட்டி, பெயர் பொறித்து நாட்டிய பழந்தமிழ் மரபு, எண்பதாண்டு கழித்துக் கூலி என்று இகழப்பட்டவனுக்கு வந்து சேர்ந்தது. மகிழ்ச்சியே. ஆனால் அந்தக் கல் அவர்கள் மாண்ட இடத்தைக் காட்டுகிறது. அவர்கள் வாழ்ந்த இடத்தை யார் காட்டுவது?

பழையதைக் கிளறி என்ன பயன், பிள்ளைகளின் படிப்பையும் பிழைப்பையும் பார்ப்போமே என்று சிலர் சொல்லக்கூடும். படிப்பு வேண்டாம் என்று யார் சொன்னார்? ஆனால் ஒன்று கேட்கிறோம். தோட்டம் விற்கப்படுகிறபோது, இங்கே பள்ளிக்கூடம் இருந்தது, இங்கே எங்கள் முன்னோர் புதைந்தனர் என்று சொல்லப் போகிறவன், அதைக் காட்ட எந்தத் தாளை எடுத்து நீட்டுவான்? ஏடில்லாதவன் பேச்சு எந்த அலுவலகத்திலும் ஏறாது. பாட்டியின் படம் நீதிமன்றத்தில் பத்திரமாகாது என்பது உண்மையே. எனினும் அது ஒரு சமுதாயத்தை, நாம் இங்கே வந்துபோனவரல்லர், வாழ்ந்தவர் என்று நிமிர்ந்து பேச வைக்கும். 1941-இல் சைக்கிளிலிருந்து இறங்கமாட்டோம் என்றவர்களின் பேரர்களுக்கு அந்த நிமிர்வு அந்நியமானதன்று.

ஆகவே பந்திங், கிள்ளான், கோலாலம்பூர் வட்டாரத்து வாசகசாலைகளும் இளைஞர் மன்றங்களும் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களும் இப்பணியில் இறங்க வேண்டும். ஒவ்வொரு பள்ளியும் தன்னைச் சுற்றியிருந்த ஒரு தோட்டத்தை எடுத்துக்கொள்ளட்டும். ஓவியம் பயிலும் இளைஞர் ஒருவரும், கதை கேட்கப் பொறுமையுள்ள ஒருவரும், நிலப்படம் படிக்கத் தெரிந்த ஒருவரும் சேர்ந்தால் போதும். பெரும் பொருட்செலவு இதற்கில்லை. ஒரு தாள், ஒரு பென்சில், ஒரு முதியோருக்கு எதிரே அமைதியாக உட்காரும் ஒரு மாலைப்பொழுது, இவையே முதல். பட்டியலில் பெயர் எழுதி அவர்களை அனுப்பிய கைகளும் நம்மிடையே இருந்தன. பெயர் எழுதி அவர்களைத் திரும்ப அழைக்கும் கைகளும் நம்மிடையேயிருந்தே வரவேண்டும்.